செல்வி வீட்டுக்குப் போன அவரைத் தொட்டி

என் தங்கமான ஜெய்னம்பக்காவுக்கு,

அலுப்பாக இருக்கிறது அக்கா. மொட்டை மாடிக்குத் தண்ணீர் தூக்க வேண்டுமே என்று நினைத்தாலே முட்டி வலிக்கிறது. கீழ் வீட்டில் நீ இருந்தவரை ஆளுக்கொரு வாளி தூக்கினோம். இப்போது அங்கே புதுக் குடித்தனம் வந்துவிட்டது. நல்ல பிள்ளைகள்தான். துணி காயப்போட இடமில்லையே என்று மட்டும் அவ்வப்போது ஜாடையாகச் சொன்னார்கள். சொல்ல மாட்டார்களா? கொடிக்கயிறு முழுக்க நம் அவரை அல்லவா படர்ந்து கிடந்தது.

நம்மோடு தையல் கடையில் இருந்த செல்வி குச்சனூரில் வீடு கட்டினாளே, அவள் பால் காய்ச்சும் நாளில் கொடுக்க ஆடியில் நாம் சேர்ந்து போட்ட தொட்டி அது. ஒரு மிளகாய், ஒரு குட்டைக் கத்தரி, ஓரத்தில் படராமல் நிற்கிற குத்து அவரை. யார் வீட்டு விசேஷத்துக்கும் நாம் எவர்சில்வர் பாத்திரம் தூக்கிக்கொண்டு போனதில்லை. பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, காய்க்கிற செடியாகத்தான் கொடுத்தோம். "அடக்கமா வளரணும்த்தா. ஆட்டோவுல மடியில வச்சுக் கொண்டுபோற மாதிரி இருக்கணும்" என்பாய்.

இந்த அவரை அடங்கவில்லை அக்கா. நீ ஊன்றியது குத்து அவரையே இல்லை, கொடி அவரை. சந்தையில் பொட்டலம் மாறியதா, நீதான் கை மாற்றிப் போட்டாயா? இரண்டு இலை விட்ட நேரத்தில் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பேன்?

அதன் பிறகு எனக்கு மாடிப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் போய்ப் பார்த்தபோது அது கயிற்றைப் பிடித்திருந்தது. நுனியைக் கிள்ள மனசு வரவில்லை.

ஐப்பசியில் முடிய வேண்டிய செல்வி வீடு தைக்குத் தள்ளிப்போனது. அதற்குள் கொடி கயிற்றின் மறுமுனை வரை ஓடிப் பூத்துக் காய்த்துவிட்டது. கத்தரி நிழலில் நோஞ்சானாகிவிட்டது, மிளகாய் தப்பியது. தொட்டியைக் கொடுப்பதென்றால் கொடியை அறுக்க வேண்டும். உன் கை ஊன்றிய கடைசி விதையை நான் அறுப்பேனா? செல்விக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பத்திரிகை வைக்க இங்கே சின்னமனூருக்கு வந்தவள் நேராக மாடிக்கு ஏறிவிட்டாள்.

"யக்கா, எந் தொட்டி எங்க?"

"இது குடுக்குற மாதிரி இல்ல செல்வி. இங்கனயே கெடக்கட்டும்."

"அதெப்படிக் கெடக்கும்? எனக்குன்னுதான ஜெய்னம்பக்கா வச்சாக? ஆஸ்பத்திரில பாக்கப் போனப்பக்கூட, 'ஒந் தொட்டி மொளச்சிருச்சுத்தா'ன்னு சொன்னாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவுக எனக்குத்தான் அக்கா" என்று கத்தினேன்.

"அப்ப எனக்கு மட்டும் யாராம்?" என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் கயிற்றிலிருந்து கொடியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரிக்கப் பிரிக்க ஒடிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரித்தாள். பிறகு நானே போய்க் கயிற்றின் இரண்டு முனையையும் அவிழ்த்துவிட்டேன். கயிறும் கொடியுமாகச் சுருட்டித் தொட்டி மேல் வைத்து லோடு ஆட்டோவில் ஏற்றினோம்.

பால் காய்ச்சிய அன்று நானும் போனேன். கயிற்றை வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்தாள். பாதி வாடிக் கிடந்தது, பாதி பிழைத்திருந்தது. இருந்த காயைப் பறித்துச் சாம்பாரில் போட்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்க அக்கா ரெண்டு பேரும் குடுத்தாக" என்றாள். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்துதான் அழுதேன் அக்கா. அந்தத் தொட்டியைக் கொடுக்காதவரை, நாம் சேர்ந்து செய்கிற வேலை ஒன்று முடியாமல் மிச்சம் இருந்தது. இப்போது முடிந்துவிட்டது. இனி போடுகிற தொட்டியில் உன் கை இருக்காது. இத்தனை மாதமும் நான் பயந்தது அதற்குத்தான்.

நாளைக்கே விதைக்கிறேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் ஓய்ந்து கிடக்கிறேன். ஆனால் விதைப்பேன் அக்கா. தனியாக விதைப்பேன். காய்த்ததும், யாருக்கென்று விதைத்தேனோ அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன்.

உன் தங்கச்சி,
சரசு