சுண்டுவிரல் இழுப்பு

மட்டக்களப்பு,
1946 ஒக்டோபர்

அன்பு மகன் ஹேர்பர்ட்டுக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது ஒத்திகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தால், போகாதே. உட்கார்ந்து முழுவதையும் வாசி. நானும் உன் தம்பி மனைவி புளோறன்சும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதுவது வழக்கம். இம்முறை எழுதவில்லை.

இங்கிலிஷில் எழுதினால் ஐறிசுக்கும் வாசிக்க வசதி என்பாய். கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுத் தந்த இங்கிலிஷில் நன்றி சொல்லலாம், அனுதாபம் சொல்லலாம். இந்த விஷயத்துக்கு அது போதாது. உன் மனைவிக்கு நீயே வாசித்துக் காட்டு. எதையும் விடாதே.

சென்ற மாதம் பங்குச் சுவாமியார் வீட்டு றேடியோவில் உங்கள் பாண்ட் வாசித்ததைக் கேட்டேன். பியானோக்காரர் நன்றாக வாசிக்கிறார். உன் சாக்சபோன் ஓரிடத்தில் மூச்சுக்குத் திணறியது. சிகரெட்டைக் குறை. பட்டாளத்துக்காரர் கப்பலேறிப் போனபின் நீங்கள் வாசிக்கிற ஹோட்டலில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள் என்று ஐறிஸ் எழுதியிருந்தாள். உன்னையும் நிறுத்தினால் கல்யாண வீடுகளில் வாசி. சினிமாக் கொட்டகையில் கேட்டால் அங்கேயும் வாசி. உன் பப்பா கிழமை நாட்களில் உலைக்களத்தில் இரும்படித்தார், சனிக்கிழமைகளில் நம் பறங்கியர் கல்யாணங்களில் கபறிஞ்ஞா ஆட்டத்துக்குப் பிடில் வாசித்தார். அதில் அவருக்கு எந்தக் கௌரவமும் குறையவில்லை.

இனி ஆர்னோல்டின் விஷயம்.

காத்தான்குடி முஹம்மட் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து சொன்னதை ஏப்ரலில் உனக்கு எழுதியிருந்தேன். யப்பான்காரர் சயாமில் ரெயில் பாதை போடப் பிடித்துப்போனவர்களில் அவரும் ஒருவர், உன் தம்பியும் ஒருவன். அவர் நம் ஹோலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கதிரை போட்டும் உட்காரவில்லை. "நோனா, நான் பொய் சொல்லல்ல. வாந்திபேதி கண்டு ரெண்டே நாள். ஆர்னோல்ட் தொரைய என்ட இந்தக் கையாலதான் மண்ணுக்குள்ள வெச்சன்" என்றார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். பொய் சொல்கிற மனிதர் கையை அப்படிக் காட்டமாட்டார். அன்றே நம்பிவிட்டேன். புளோறன்சும் நம்பினாள். கறுப்பு உடுத்தாள், சாப்பிட்டாள், தையல் வேலைக்குத் திரும்பினாள். இறந்தோர் பூசைக்குச் சுவாமியாரிடம் நாளும் குறித்தோம்.

அந்த நாள் வருமுன் உசனார் வந்தார். புளோறன்ஸ் துணி வாங்கும் கடைக்காரர். சிங்கப்பூரிலிருந்து அவருக்கு மறுபடி சரக்கு வரத் தொடங்கியிருக்கிறது. ஒரு பெட்டியில் பழைய இசைத்தட்டுகள் கிடந்தனவாம். ஒன்றைக் கிராமபோனோடு தூக்கிக்கொண்டு வந்தார். "நோனா, பாட்டு மலாய்க்காரன்ட பாட்டு. ஆனா பிடில் நம்மட ஊருப் பிடில். கேட்டுப் பாருங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை.

ஒரு பெண் மலாயில் பாடுகிறாள். அவள் நிறுத்தியதும் பிடில் தனியே வருகிறது. நம் வீட்டு மெட்டு, ஹேர்பர்ட். மணப்பெண்ணை வாசலில் நிறுத்தி உள்ளே அழைக்கிற மெட்டு. அந்த உச்சிச் சுரம் வருகிற இடத்தில் இழுப்பு இருக்கிறது.

பப்பாவின் இடக்கைச் சுண்டுவிரலை உலைக்களம் தின்றுவிட்டதால், அவர் அந்தச் சுரத்துக்கு மோதிரவிரலைக் கம்பியில் இழுத்துக்கொண்டு போவார். விரல் இல்லாத மனிதர் வேறென்ன செய்வது? ஐந்து விரலும் உள்ள நீங்கள் இருவரும் அதைப் பாட்டின் பகுதி என்றே பழகினீர்கள். அது பிழை என்று நோட்டை எழுதிக் காட்டினேன். நீ திருத்திக்கொண்டாய். ஆர்னோல்ட் சிரித்தான். "மம்மா, பப்பாட விரல் போன இடத்த நான் எப்பிடி அடைக்கிற?" என்று கேட்டான். நாடகக் கம்பனிக்காரரோடு ஊர் ஊராகப் போனபோதும், கப்பலேறி மலாய்க்காரர் நாடகங்களுக்கு வாசிக்கப் போனபோதும் அந்தப் பிழையை அவன் விடவில்லை. இழுப்புக்கு முன் மூக்கால் ஒரு மூச்சு எடுப்பானே, தட்டில் அதுவும் கேட்கிறது. இறந்துபோன என் பிள்ளை என் ஹோலில் மூச்சு எடுக்கிறான்.

தட்டின் மேல் பாடகியின் பெயர் மட்டுமே இருக்கிறது. வருஷம் இல்லை. வாசலில் வைத்து உசனாரிடம் தனியே கேட்டேன். "யப்பான்காரன் வாறதுக்கு முந்தின சரக்கு நோனா, பூட்டிக் கிடந்த கடைல இருந்து எடுத்தது" என்றார். புளோறன்சிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "மாமி, முஹம்மட் காய்ச்சலோட கிடந்த மனிசன். ஆரையோ வெச்சிட்டு ஆரையோ சொல்றார். உசிரோட இருக்கிற மனிசனுக்கு ஆரும் பூசை வைக்கிறதா?" என்றாள். கறுப்பைக் களைந்துவிட்டாள். பூசையை நிறுத்தச் சொல்லிச் சுவாமியாரிடம் தானே போனாள்.

நம்பிக்கையோடு இருப்பதில் என்ன தீங்கு என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். கிராமபோனைக்கூட உசனாரிடமிருந்து வாங்கிவைத்தேன். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில் அவள் தட்டைப் போடுவாள். நான் பக்கத்து அறையில் செபமாலையோடு இருப்பேன். தட்டு சுழலத் தொடங்கினால் அவனுடைய தலைமுடி எண்ணெய் மணக்கும். பேய், பிசாசு நம்புகிறவள் அல்ல நான். மணந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். அந்த இழுப்பு வந்ததும் மணப்பெண் "வாறன்" என்று வாய்விட்டுச் சொல்லி வலக்காலை எடுத்து வைக்கவேண்டும். புளோறன்ஸ் நம் வாசலில் நின்ற அன்று, மாப்பிள்ளை தானே வாசிக்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுத்தும் ஆர்னோல்ட் பிடிலைப் பிடுங்கி வாசித்தான். அவள் வெட்கத்தில் மெதுவாகச் சொன்னாள் என்று நீதானே மறுபடி சொல்ல வைத்துக் கேலி செய்தாய்.

இப்போது தட்டில் இழுப்பு வருகிறபோதெல்லாம் அவள் "ஓம், வாறன்" என்கிறாள். முதலில் வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு அடுப்படியிலிருந்தும் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். பிறகு தட்டு ஓடாத நேரத்திலும் சொல்லத் தொடங்கினாள். மீன் வெட்டிக்கொண்டிருப்பாள், தலையை நிமிர்த்தி, "ஓம், வாறன்" என்பாள். யாருக்குச் சொல்கிறாய் என்று கேட்டால், "ஒருத்தருக்கும் இல்ல மாமி" என்பாள்.

போன வியாழக்கிழமை பொழுது படுகிற நேரம். கிராமபோன் மூடிக் கிடந்தது. தட்டு அதன் உறையில், என் மேசை மேல் இருந்தது. வளவின் பின்பக்கத்தில் அவளைக் காணாமல் வாவிக் கரைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் அக்கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கல்யாணச் சேலை. தோணியில் வந்த ஒருவர், "ஆரது புள்ள? அங்கால பள்ளம் கிடக்கு, ஏறுங்க!" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. நான் சப்பாத்தோடு இறங்கி அவளுடைய முந்தானையைப் பிடித்தேன். என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, "விடுங்க மாமி, அவர் வாசிச்சுக்கொண்டிருக்கார், நான் சுணங்கக்கூடாது" என்றாள். தோணிக்காரரும் நானுமாக அவளைக் கரையேற்றினோம்.

இன்னொன்றும் எழுதவேண்டும், எழுதாவிட்டால் என் அவசரம் உனக்கு விளங்காது. நம் வாவியில் மீன் பாடுகிறது என்று வெளியூரார் கேட்க வருவார்கள். அந்தச் சத்தத்தைச் சிறுபிள்ளையிலிருந்து கேட்டவள் நான். மீனுக்கு அந்த இழுப்புத் தெரியாது. வியாழக்கிழமை தண்ணீருக்குள் நின்று நானும் அதைக் கேட்டேன். முதலில் மூக்கால் ஒரு மூச்சு, பிறகு இழுப்பு. அவளைப் பிடித்த கை தளர்ந்துவிட்டது. தோணிக்காரர் வந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று எழுதமாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மெயில் ரெயிலில் புளோறன்ஸ் கொழும்புக்கு வருகிறாள். தட்டைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வருகிறாள். உன் காதை மட்டுமே நம்புவேன் என்கிறாள். "ஹேர்பர்ட் அண்ணன் கேட்டுட்டு அவர்தான் எண்டு சொன்னா, நான் சிங்கப்பூருக்கே போறன். இல்லையெண்டு சொன்னா, பூசைய வையுங்க" என்று என் முன்னால் சொல்லியிருக்கிறாள். சொன்னால் சொன்னபடி நிற்கிற பெண் அவள்.

மகன், நீ இல்லை என்று சொல்லவேண்டும்.

முதல் தரம் கேட்டதுமே சொல்லாதே. இரண்டு தரம் போட்டுக் கேள். பிறகு, இது மலாக்கா ஆள் ஒருவருடைய கை என்று சொல். மலாக்காவிலும் போர்த்துக்கேயர் வழி வந்த நம்மைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன, அங்கேயும் இந்த மெட்டு உண்டு, இழுத்துத்தான் வாசிப்பார்கள், கப்பலில் வந்த வாத்தியக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லாதே, கண்டுபிடித்துவிடுவாள். உன் சொந்தத் தம்பியின் கையை யாரோ ஒருவருடைய கை என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் நானே சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. பொய் சொன்னதற்காக உங்கள் இருவருக்கும் நான் பிரம்பெடுத்திருக்கிறேன். இந்தப் பொய்யின் பாவம் உன்னைச் சேராது. பாவசங்கீர்த்தனத்தில் அதை என் பெயரில் சொல்லிக்கொள்கிறேன்.

தட்டைத் திருப்பி அனுப்பாதே. உடைக்கவும் வேண்டாம். எங்கே வைத்திருக்கிறாய் என்று எங்கள் இருவருக்கும் சொல்லாதே. புளோறன்சைக் கொஞ்ச நாள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் தைக்கிற கவுனுக்குக் கொழும்பில் ஆட்கள் இருப்பார்கள், ஐறிஸ் நாலு பேரிடம் சொல்லட்டும். தண்ணீர் தெரியாத அறையாகக் கொடுங்கள். பூசையை அங்கேயே, உங்கள் பங்குக் கோயிலில் வையுங்கள். நான் வரமாட்டேன். அதற்குக் காரணம் கேட்காதே.

வீட்டில் இனி நான் தனியே இருப்பேன். பயம் என்று எண்ணாதே. வாவிப் பக்கத்து யன்னல்களை ஆசாரியைக் கொண்டு ஆணி வைத்து அடித்துவிட்டேன். கிராமபோனை உசனாரிடம் கொடுத்தாயிற்று. ஆனாலும் பொழுது படுகிற நேரத்தில் என் வாயிலும் ஒரு சொல் வந்து நிற்கிறது, மகன். பல்லைக் கடித்துக்கொண்டு செபமாலையைச் சொல்கிறேன்.

தேவமாதா உன் மூச்சையும் ஐறிசையும் அந்தப் பெண்ணையும் காக்கட்டும். தட்டைக் கேட்டதும் எனக்கு ஒரு வரி எழுது. அவளுக்கு என்ன சொன்னாயோ, அதையே எனக்கும் எழுது. உன் கையெழுத்தில் வந்தால் நம்புவேன்.

உன் மம்மா,
ஜொசபீன்