ஆடிக்கு முன்னால் தோண்டிய குழி

ஜூன் 28
பிளான் வரைய இன்ஜினியர் மதுவந்தி வந்தாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கிச்சாவால் மாடி ஏற முடியவில்லை, குளியலறை மாடியில்தான். ஹாலில் நாற்காலி போட்டு ஈரத்துண்டால் துடைத்துவிடுகிறேன். "தலையில தண்ணி கொட்டிண்டு எவ்ளோ நாளாச்சு சுப்பு" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கொல்லையில் ஓர் அறையும் குளியலறையும் கட்டியே தீருவேன்.

"வெள்ளையடிக்க, தரை மாத்த யாரையும் கேக்க வேண்டாம் மாமி. புதுசா அஸ்திவாரம்னா, அனுமதி வந்தப்புறம்தான் மண்ணுல கை வைக்கணும்" என்றாள் மதுவந்தி. விண்ணப்பம் போட்டாயிற்று.

ஜூலை 12
அனுமதி வரவில்லை. பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா? ஆடி முடியும்வரை இவர் ஈரத்துண்டோடு இருக்க வேண்டுமா?

மேஸ்திரி ஜவஹர் தைரியம் சொன்னார். "ஒரு ரூமுக்கு இன்னா மாமி பர்மிசன்? நாம தோண்டிக்கினே இருப்போம், பேப்பர் பின்னாலயே வந்துடும்."

நியாயமாகத்தான் பட்டது. நமக்கு வேண்டியதைச் சொன்னால் எதுதான் நியாயமாகப் படாது?

ஜூலை 14
பூஜை ஆயிற்று. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. குழியும் தோண்டியாயிற்று. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18
நல்ல மழை. பக்கத்து வீட்டு இனாயத் பாயின் மதில் சுவருக்குக் கீழே மண் சரிந்துவிட்டது. சுவர் கொஞ்சம் சாய்ந்த மாதிரி — எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? மூட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தால் போதும், வேலை நிற்க வேண்டாம் என்றார் ஜவஹர். நானும் சரி என்றேன்.

ஜூலை 21
கார்ப்பரேஷன் ஆபீசிலிருந்து வந்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். யாரோ புகார் செய்தார்களாம். யாரோ என்ன யாரோ! பாய்தான். ரம்ஜானுக்கு ரம்ஜான் பாயசம் அனுப்பிச்சுட்டு இப்படிப் பண்ணுவாளா அவா? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லப்படாதா?

ஜூலை 29
பாயின் மனைவி அதீபா, "மாமா எப்டி இருக்காரு?" என்று கேட்டாள். காது கேட்காதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவாகிட்ட மூஞ்சியைத் திருப்பாதே சுப்பு. ஆபீசுக்கு போன் பண்ணினது நான்தான்."

அவருக்கு எடுத்து வந்த டிபன் தட்டோடு திரும்பினேன்.

"அந்தச் சுவத்துக்கு அந்தண்டைதான் அதீபா துணி தோய்க்கறா. உன்கிட்ட சொன்னா, ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்னு சொல்லியிருப்பே. நான் குளிக்கறதுக்கு அவ தலையில சுவர் விழணுமா?"

தட்டை டம்மென்று வைத்துவிட்டு சமையலறையில் போய் அழுதேன். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை.

சாயங்காலம் அதீபா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். "மாமா பெரிய கில்லாடிதான் மாமி!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனசு லேசாயிற்று.

ஆகஸ்ட் 6
அனுமதி வந்தது — நட்டநடு ஆடியில்! முதலில் பாயின் சுவரைக் கட்டச் சொன்னேன். "ஆடி மாமி..." என்று இழுத்தார் ஜவஹர்.

"சாய்ஞ்ச சுவத்துக்கு ஆடி தெரியுமா? நாளைக்கே ஆரம்பியுங்கோ."

நவம்பர் 2
குளியலறைக் கதவில் பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. இவர் பொறுக்காமல் உள்ளே போய்விட்டார்.

கணக்குப் பார்க்க வந்த ஜவஹர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த மூலைல சின்னதா ஒரு ரூம் எழுப்பிடலாம் மாமி. யாரு கேக்கப் போறாங்க?"

"கேக்கறவர் உள்ளே குளிச்சிண்டிருக்கார். வரட்டும், இருங்கோ."

உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஜவஹர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை.