கூர்ப்புப் பாடத்துக்கு வந்த சமய டீச்சர்

டீச்சர்,

இன்று காலை ஒரு ரிலவா குசினி ஜன்னலுக்குள் கையை விட்டு, மேசையில் இருந்த பாண் ரொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. நம் பக்கத்துச் சிவந்த மூஞ்சிக் குரங்குகளுக்குக் கூச்சம் ஏது? எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பிய்த்துப் பிய்த்துத் தின்றது. மனைவி விளக்குமாற்றைத் தேடி ஓடினாள். நான் கதவருகில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். "சேர், உங்க சொந்தக்காரரு வந்திருக்காரு, கவனிக்க மாட்டீங்களா?" பள்ளிக்கூடத்து மாமரத்தில் ரிலவா ஏறும்போதெல்லாம் வராந்தாவில் நின்று நீங்கள் கேட்பது அப்படியே காதில் விழுந்தது. சிரித்து முடித்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது, ஞாபகமிருக்கிறதா? மாத்தளையில் நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் சமய பாட வேளை வந்தால் வகுப்புகள் கலைந்து பிரியும். சைவப் பிள்ளைகள் மண்டபத்துக்கு, முஸ்லிம் பிள்ளைகள் நூலகத்துக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் மாடி அறைக்கு. மற்றக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு கைப்பிடிதான். அவர்களுக்கு இடமில்லை என்று அதிபர் என் ஆய்வுகூடத்தைக் காட்டிவிட்டார். போத்தலில் மிதக்கும் தவளைக்கும் சுவரில் தொங்கும் எலும்புக்கூட்டுப் படத்துக்கும் நடுவே நின்று, ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையை நீங்கள் நடத்தினீர்கள். அடுத்த வேளை எனக்கு உயர்தர வகுப்பு, விலங்கியல். உள்ளே வந்து பார்த்தால் கரும்பலகை முழுக்க ஆறு நாளும் வரிசையாக இருந்தன. கீழே "தயவுசெய்து அழிக்க வேண்டாம்" என்று வேறு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "டீச்சர், சூரியன் நாலாம் நாள்தானே வந்திச்சு? முதல் மூணு நாளையும் எந்த மணிக்கூட்ட வச்சு எண்ணினாங்க?"

நீங்கள் கொப்பி திருத்துவதை நிறுத்தவில்லை. "நம்ம பியூன் அடிக்கிற பெல்ல வச்சுத்தான் சேர். அதுவும் நேரத்துக்கு அடிக்கிறதில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுவாரம் பலகையின் நடுவே சோக்கால் கோடு கிழித்தோம். இடது பக்கம் உங்களுக்கு, வலது பக்கம் எனக்கு. ஒருவர் பக்கத்தை மற்றவர் அழிப்பதில்லை. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். யாரும் கெட்டுப்போகவில்லை.

ஆனால் கிளர்ச்சியும் அதை அடக்க ஆமியும் இறங்கியிருந்த அந்த எண்பதுகளின் கடைசியில் எதுவும் கோடு கிழித்துத் தீர்க்கிற மாதிரி இருக்கவில்லை. பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன, திறந்தன, திரும்பவும் மூடின. காலையில் பஸ்ஸில் வரும்போது ரோட்டோரம் பார்க்கக் கூடாதவற்றைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் வகுப்புக்குப் போனோம். அந்த நாட்களில்தான் எஸ்தரின் அப்பா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போவதாகச் சொல்லி அனுப்பினார்.

எஸ்தர் பலாபத்வலைக்கு உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் படிக்க வந்தது அவள்தான் முதல். தவளையை வெட்டச் சொன்னால் மற்றவர்கள் முகத்தைத் திருப்புவார்கள், இவள் குனிந்து பார்ப்பாள். அவள் வீட்டார் ஒரு புதிய ஜெப வீட்டில் சேர்ந்திருந்தார்கள். உயிர்கள் காலங்காலமாக மாறிவந்த கதையைச் சொல்லும் கூர்ப்புப் பாடத்தை நான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாடத்தில் பிள்ளை உட்காரக் கூடாது, உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் படிப்பே வேண்டாம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். பரீட்சைக்குக் கொஞ்ச மாதந்தான் இருந்தது.

அதிபர் சுலபமான வழி சொன்னார். "கடைசிப் பாடந்தானே சேர். ஸ்கூல் மூடியிருந்துச்சுன்னு சொல்லி விட்டுருங்க. யாரு கேக்கப் போறா?" அவர் கெட்ட மனிதர் இல்லை. எந்தச் சத்தமும் வெளியே போகாமல் நாளை ஓட்டிவிடத்தான் அப்போது எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்தப் பாடத்தை விட்டுவிட்டு விலங்கியலில் என்ன சொல்லிக்கொடுக்க? தவளைக்கும் நமக்கும் கையெலும்பு ஏன் ஒன்று போலிருக்கிறது என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பதா? நான் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் சொன்னீர்கள், "சனிக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போவோம் சேர். எஸ்தர் எங்கிட்டயும் படிச்ச புள்ளதான்."

போனோம். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி இறக்கியபோது, உங்கள் கைப்பையில் இருந்த வேதப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பையில் இருந்த எலும்புப் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள். நீங்கள்தான் சிங்களத்தில் பேசிச் சமாளித்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "மூளை கொஞ்சம் சரியில்லாத வாத்தியார், பாவம்னு சொன்னேன்" என்றீர்கள்.

எஸ்தரின் அப்பா கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறவர். லயத்து வரிசை வீட்டில் தம் ஒற்றைக் காம்பராவுக்குள் எங்களை உட்காரவைத்து, பால் விடாத பிளேன்டி கொடுத்து, தாம் நின்றபடியே பேசினார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. படத்தை விரித்தேன், எலும்பைக் காட்டினேன், பாறைக்குள் கிடைத்த உயிர்களைச் சொன்னேன். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"சேர், தேத்தண்ணி ஆறுது. குடிங்க" என்றீர்கள். வாயை மூடு என்பதற்கு நீங்கள் வைத்திருந்த மரியாதையான வார்த்தை அது. நான் மூடினேன். நீங்கள் அவர் பக்கம் திரும்பி, "சொல்லுங்க அண்ணே" என்றீர்கள். அவ்வளவுதான்.

அவர் மெதுவாகச் சொன்னார். "டீச்சர், எங்கள பொறந்ததுலேர்ந்து கொரங்குன்னுதான் கூப்புட்டாங்க. வெள்ளக்காரத் தொர இங்கிலீசுல சொன்னான். கணக்கப்புள்ள தமிழ்ல சொன்னான். டவுனுக்குப் போனா கடைக்காரன் சிங்களத்துல சொல்றான். ஜெப வீட்டுலதான் மொத மொதலா ஒருத்தரு, நீ ஆண்டவரோட சாயல்னு சொன்னாரு. அன்னைக்கு நான் அழுதேன். இப்ப எம்மவ படிச்சுட்டு வந்து, இல்லப்பா, நாம கொரங்குதான்னு சொல்லணுமா?"

எத்தனை வருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருப்பேன்! இப்படி ஒரு காதில் அது எப்படி விழும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பதில் சொல்லும் முறை என்னுடையது என்று அந்தப் பார்வை சொன்னது.

"அந்தத் தொரையும் அதே வழியாத்தான் வந்தாருங்க" என்றேன்.

"வெள்ளக்காரத் தொரையுமா?"

"அவரும், அவரோட ராணியும், கணக்கப்புள்ளையும், நானும். ஒருத்தரையும் விடல. ஒரே கொடி."

அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ராணியுமா" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து என் காலில் அட்டை ஏறியிருந்தது. உப்பு வாங்கிக்கொண்டு தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போய் அதைக் கழற்றிக் கால் கழுவி வந்தேன். திரும்பி வரும்போது முடிவாகிவிட்டிருந்தது. "திங்கக்கெழம புள்ள வரும் சேர். அந்தப் பாடம் முடியுற மட்டும் டீச்சரும் வகுப்புல குந்தணும்" என்றார்.

ராணியை இழுத்து நான் ஜெயித்துவிட்டேன் என்று பஸ்ஸில் மார்தட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் மறுக்கவில்லை. ஜன்னல் வழியாக மிளகுக் கொடிகளைப் பார்த்தபடி வந்தீர்கள்.

பிறகு நீங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. உங்களுக்கு இருந்த ஓய்வு வேளைகள் எல்லாம் அதற்கே போயின. நான் ஒரு காவல்காரியை எதிர்பார்த்தேன், வந்தது ஒரு மாணவி. கொப்பி வைத்துக் குறிப்பெடுத்தீர்கள். புரியாததற்குக் கை தூக்கினீர்கள். பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள், பிறகு அவர்களும் கை தூக்கத் தொடங்கினார்கள்.

தக்கன பிழைக்கும் என்று நான் எழுதிய அன்று நீங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே டீச்சர். "அப்படின்னா செத்துப் போனவங்கெல்லாம் தகுதியில்லாதவங்களா சேர்?"

முன் வரிசையில் ஒரு மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அண்ணன் வீட்டைவிட்டுப் போய் மாதக்கணக்காகித் தகவல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் அதை யோசிக்காமலே சோக்கைப் பிடித்திருந்தேன், நீங்கள் யோசித்திருந்தீர்கள். தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னேன். ஒரு உயிர் இருந்த இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தியதா என்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. அது நல்லதா கெட்டதா, இருக்க வேண்டியதா சாக வேண்டியதா என்பதை இந்தப் பாடம் சொல்லாது, அதைச் சொல்ல இதற்கு உரிமையும் இல்லை என்றேன்.

"அப்ப அதையும் போர்ட்டுல எழுதிருங்க சேர்" என்றீர்கள். எழுதினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அந்த மாணவனும் எழுதினான்.

இதற்கு நீங்கள் கொடுத்த விலையை யாரும் கேட்கவில்லை. சமய ஆசிரியையே குரங்குப் பாடம் படிக்கிறார் என்று உங்கள் சபைக் கோயிலில் பேச்சு கிளம்பி, ஞாயிறு பள்ளியிலிருந்து உங்களை நிறுத்திவிட்டார்கள். கன்னிப் பருவத்திலிருந்து நீங்கள் நடத்திவந்த வகுப்பு அது. "பரவால்ல சேர், ஞாயித்துக்கெழம இப்ப நல்லாத் தூங்கலாம்" என்று சிரித்தீர்கள். கண் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பக் கூப்பிடப் பல வருடம் எடுத்தது. கூப்பிட்டதும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் போனீர்கள். நானாயிருந்தால் போயிருக்க மாட்டேன்.

பாடம் முடிந்த கடைசி நாள் கேட்டேன், "இப்ப என்ன சொல்றீங்க டீச்சர்?"

"எனக்கு இன்னும் ஒப்பல சேர். ஆனா நல்லாப் படிப்பிக்கிறீங்க."

அந்தப் பதிலை நான் எவ்வளவு விரும்பினேன் என்று உங்களிடம் சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன்.

எஸ்தர் பரீட்சை எழுதினாள். கூர்ப்பில் ஒரு கேள்வி வந்தது. பல்கலைக்கழகம் போகக் கொஞ்சம் புள்ளி போதவில்லை. ஆனால் அந்தப் பெறுபேற்றை வைத்துப் பயிற்சிக்குப் போய், இப்போது தம்புள்ளைப் பக்கம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். உங்களை அடக்கம் செய்த அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவருக்கு வயதாகிவிட்டது. கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் துக்கத்தை மறக்க ஏதாவது பேசுவோமென்று, "அன்னைக்கு ராணி கதையக் கேட்டுச் சிரிச்சிட்டுப் புள்ளைய அனுப்புனீங்களே" என்றேன்.

"எந்த ராணி கதை சேர்?"

அவருக்கு நினைவில்லை டீச்சர். இத்தனை வருடம் ஆசிரியர் அறையிலும் கலியாண வீட்டிலும் நான் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்த கதை, அதன் நாயகனுக்கே நினைவில்லை.

"நீங்க அட்டையக் கழுவப் போனீங்களே, அப்பத்தான் டீச்சரக் கேட்டேன்" என்றார். "இவரு சொல்றத நீங்க நம்புறீங்களான்னு. இல்ல அண்ணேன்னாங்க. அப்புறம் எதுக்கு எம்புள்ளைய அங்க அனுப்பச் சொல்றீங்கன்னேன். அந்த சேர் ஒங்க புள்ளைக்குப் பொய் சொல்ல மாட்டாரு, அதுக்கு நான் பொறுப்புன்னாங்க. அதுக்குத்தான் சேர் அனுப்புனேன்."

கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். எஸ்தர் வந்து தண்ணீர் கொடுத்தாள்.

நீங்கள் நம்பாத ஒரு பாடத்துக்காக, என்னை நம்பி, ஒரு தகப்பனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. நன்றி என்ற வார்த்தை இதற்குப் போதாது, இருந்தாலும் சொல்கிறேன், நன்றி டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் நான்கைந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்து விலங்கியல் படிக்கிறார்கள். அடுத்த வாரம் கூர்ப்பு ஆரம்பிக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். எனக்காகப் பொறுப்பு நிற்க இனி நீங்கள் இல்லை. நானே நின்றாக வேண்டும்.