மிச்சம் வைத்த இடது கன்னம்

அன்பு மகள் நோமுந்தாரிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுமாடுகளும் இந்தக் குளிரை ஒருவழியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் என்று எழுதியிருக்கிறேன் பார், அது கை தவறி எழுதியதில்லை.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை பிடித்துப் பிடித்து என் விரலெல்லாம் மரத்துப்போய்விட்டது, பாதியை வெளியே உறைய வைத்திருக்கிறேன். காது கறுத்த செம்மறி அவசரப்பட்டுக் குட்டி போட்டுவிட்டது, அப்பா குட்டியை அடுப்போரம் வைத்துக்கொண்டு எனக்குப் படுக்க இடமில்லாமல் செய்கிறார். ஊரில் யாரைப் பார்த்தாலும் எம் பொண்ணு சியோல்ல மருந்தாளுநர் படிப்பு படிக்கிறா, வர்றப்ப டாக்டருக்கே பாடம் சொல்லுவா என்று வாய் ஓயாமல் பேசுகிறார். நானும் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆனால் என் மனசு ஆட்டவில்லையடி.

நீ பண்டிகைக்கு அனுப்பிய நீலச் சால்வை வந்தது. சியோலிலிருந்து நம் தலைநகர் ஊலான்பாத்தருக்கு வந்த தோழி ஒருத்தி கையில் கொடுத்தனுப்பியதாகவும், அவள் நம் ஊர்ப் பேருந்து ஓட்டும் பூரெவிடம் சேர்த்துவிட்டதாகவும் சொன்னாய். ஒட்டியிருந்த உறையைப் பிரித்ததும் நான் வழக்கம்போல முகர்ந்து பார்த்தேன். நிலக்கரிப் புகை! பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக ஊலான்பாத்தரில் என் அக்காவின் கூடாரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தவள் நான், அந்த நகரத்துப் புகை எனக்குத் தெரியாதா? சியோல்ல அடுப்பே கிடையாதும்மா, தரையே கதகதன்னு இருக்கும் என்று நீதானே சொன்னாய். அப்பாவிடம் சொன்னதற்கு, பஸ்ல வந்த பொருள்ல புகை அடிக்காம பன்னீரா அடிக்கும், போலீசு நாய் கணக்கா எதையும் மோந்து பாக்காதடி என்று சிரித்தார். சரி, என் மூக்குக்குத்தான் வயசாகிவிட்டது என்று இருந்தேன்.

அப்புறம் போன வாரம் போனில் பேசினோமே, பின்னால் நாய்கள் குரைத்தன. ஒன்று குரைக்க, பக்கத்து வேலியிலிருந்து இன்னொன்று பதில் சொல்ல, தெருவே குரைத்தது. விடுதியில் நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்டால் டிவிம்மா என்கிறாய். முகத்தைக் காட்டடி என்றால் கேமரா உடைந்துவிட்டது என்கிறாய், குளிர் தொடங்கியதிலிருந்து உடைந்தே கிடக்கிறது. பேச்சோடு பேச்சாக, அங்கே மணி என்ன என்று கேட்டேன். எட்டும்மா என்றாய். நம் வீட்டுக் கடிகாரத்திலும் எட்டு! முன்பெல்லாம் நாங்க உங்களைவிட ஒரு மணி நேரம் முந்தி இருக்கோம் என்று பெருமை அடித்துக்கொள்வாயே, அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

முதலில் எவனோ ஒருத்தனோடு பழக்கம் என்று நினைத்தேன். அப்புறம் படிப்பை விட்டுத் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டாயோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது பூரெவைப் பிடித்துக் கேட்டேன், சால்வை கொடுத்தவள் எப்படி இருந்தாள் என்று. முகமெல்லாம் மூடியிருந்துச்சு அக்கா, நம்ம பக்கத்துப் பேச்சு, பஸ் கிளம்புறவரைக்கும் நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு என்றான். சால்வையை அனுப்ப வந்தவள் பேருந்தை ஏன் பார்க்க வேண்டும்?

அதனால்தான் நேற்று உன்னிடம் போனில் அப்படிச் சொன்னேன், பூரெவ் பேருந்தில் ஒரு மூட்டை அனுப்புகிறேன், அந்தத் தோழியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல், சியோலுக்குக் கொண்டுவரட்டும் என்று. நீயும் சரிம்மா என்றாய். கொழுக்கட்டை, தயிர்க்கட்டி, நடுவில் இந்தக் கடிதம். மூட்டையைக் கட்டும்போது அப்பா வந்தார். பெட்டியிலிருந்து உன் கம்பளி பூட்ஸை எடுத்து மூட்டைக்குள் திணித்தார். தரையே கதகதன்னு இருக்கிற ஊருக்கு இது எதுக்கு என்று கேட்டேன். அவர் அந்தக் குட்டியைத் தடவிக்கொண்டு, இருக்கட்டும்டி, கால் சில்லிடக் கூடாது என்றார். என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கிறது பார், கள்ள மனுசனுக்கு.

தேர்வில் தவறினாயா, விசா போயிற்றா, அந்த ஊரே ஒட்டவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்பேன், கேட்காமல் விடமாட்டேன், ஆனால் நீ வீட்டுக்கு வந்து சூப்பைக் குடித்து முடித்த பிறகு. அப்பா ஊருக்கெல்லாம் சொன்னதை நினைத்து நீ தெருத்தெருவாக ஒளிய வேண்டாம். பேசியது அவர் வாய், அவரே பார்த்துக்கொள்வார்.

தோழி என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தால் இந்தக் கடிதம் சியோலுக்கு வந்து சேரும், நீ அம்மாவைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரி, நானும் சந்தோஷமாகச் சிரிக்கிறேன். இல்லையென்றால் நீ இப்போது பேருந்து நிலையத்தில் மூட்டையை அணைத்துக்கொண்டு நின்று இதைப் படிக்கிறாய். நிமிர்ந்து பார், பூரெவ் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். நாளைக் காலையில் திரும்புகிறான், தனக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கையை உனக்காகப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

போகும்போது உன் வலது கன்னத்தை மட்டும் முகர்ந்துவிட்டு, இடது கன்னம் திரும்பி வரும்போது என்று மிச்சம் வைத்தேனே, பட்டம் வாங்கி வந்தால்தான் என்றா சொன்னேன்? தீங்கு எதுவும் உன்னை அண்டாமல் வழி பால்போல வெளுப்பாக இருக்கட்டும், என் கண்ணே. பூட்ஸை மூட்டையிலேயே வைத்துவிடாதே, அங்கேயே மாட்டிக்கொண்டு ஏறு.

உன் வரவுக்காக அடுப்பை அணையவிடாத
அம்மா தெவெல்மா
செத்செர்லெக்