இரண்டு நூல்கள்

என் அன்புத் தையல்காரிக்கு,

இங்கே நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

நீ தைத்தனுப்பிய பேன்ட் வந்தது. நாள் முழுக்க சைக்கிள் மிதித்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதில் தொப்பை கரைந்து, தொடை கல்லாக இறுகிப் பருத்துவிட்டது. பேன்ட் தொடையில் இறுக்கிப் பிடிக்கிறது; இடுப்பிலோ ஒரு சாண் தொளதொளப்பு.

“அண்ணே, இது வேற யாரோட அளவோ!” என்று அறைத்தோழன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். வயிறாரத்தான் சாப்பிடுகிறேன், பயப்படாதே.

இடுப்பையும் தொடையையும் அளந்து வெட்டிய இரண்டு நூல்களை இதில் வைத்திருக்கிறேன். நீளமானது இடுப்பு.

பதிலுக்கு நீயும் ஒரு நூல் அனுப்பு, நம் பாப்பாவின் உயரத்துக்கு. போனில் அவள் முகம்தான் தெரிகிறது. ஆர்டர் வந்துவிட்டது, ஓடுகிறேன். நூலை மறக்காதே. சுவரில் தொங்கவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.