சமையலறை லைட்டுக்கு ஒரு புகார்

என்னங்க,

நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இரண்டு வாரமாக நான் அந்த வெளிச்சத்தில்தான் சமைக்கிறேன். ஊருக்கெல்லாம் லைட் போடுகிற எலக்ட்ரீஷியன் வீடு என்றால் சும்மாவா! சாப்பாடு மேல்தட்டில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள்.

லைட்டைப் பற்றி எப்போது கேட்டாலும், “நாளைக்குப் பாக்கலாம், நச்சரிக்காத” என்பீர்கள். நேற்று அது சண்டையில் போய் முடிந்தது. அதனால் இன்று மதியம் பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து உங்கள் கடைக்குப் பேசினேன். குரலை மாற்றக்கூட இல்லை. “சார்” என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியை உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

என்ன பணிவு, என்ன பொறுமை! “பயப்படாதீங்கம்மா. அந்த பல்பைக் கழட்டி வேற ரூம்ல போட்டுப் பாருங்க. அங்க எரிஞ்சா ஹோல்டர்லயோ சுவிட்ச்லயோதான் கோளாறு. நீங்க கைவைக்காதீங்க, நானே வரேன்.” கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

போட்டுப் பார்த்தேன் சார். பாத்ரூமில் ஜம்மென்று எரிகிறது.

விலாசம் அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தேனே, அது இதுதான். நீங்கள் நிற்கிற இடம்.

பி.கு.: மெயினை அணைத்துவிட்டுக் கைவையுங்கள். ஃபிரிட்ஜ் வெளிச்சமும் போய்விடும், டார்ச் அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: லைட் எரிந்ததும் அந்த கஸ்டமருக்குப் போன் செய்து சொல்லுங்கள். என் நம்பர்தான். அதே குரலில்.