காணிப்பாக்கத்துச் சத்தியம்

வடமாலபேட்டை
22.11.1997

அன்பு மகள் நளினிக்கு,

நைனா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைத்துவிடாதே.

கல்பனா சாவ்லா ராக்கெட்டில் போன செய்தியை டீக்கடையில் நான்தான் படித்துக் காட்டினேன். "நம்ம நாட்டுப் பொண்ணு, ஆகாசத்துல சுத்திக்கினு கீது பாரு!" என்று பழனி எல்லோருக்கும் டீ சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெங்களூரில் செயற்கைக்கோள் வேலைக்கு இன்டர்வியூ என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரம் தனியாக எப்படி? வேண்டாம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யஸ்வந்தின் ஜாதகம் உனக்குப் பொருந்தியிருக்கிறது.

ஆசிகளுடன்,
எத்திராஜ்

---

திருப்பதி
26.11.1997

அன்புள்ள நைனாவுக்கு,

வணக்கம். நலம்.

தனியாக எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். 1963இல் ரஷ்யாவின் வாலண்டினா தெரஷ்கோவா தனியாகத்தான் போனாள். பூமியை நாற்பத்தெட்டு முறை சுற்றினாள். துணைக்குச் சித்தப்பா போனதாகத் தகவல் இல்லை. அம்மாவிடம் பாராசூட் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனாளாம். நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த பெண்ணை அனுப்பப் பத்தொன்பது வருஷம் யோசித்தார்கள். அவள் மேலே போய்ச் சேர்ந்ததும், அங்கிருந்த ஆண்கள் சமையல் ஏப்ரனை நீட்டி வரவேற்றார்கள். முதல் அமெரிக்கப் பெண்ணிடம், வேலையில் சிக்கல் வந்தால் அழுவாயா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். ஆகாசம் வரைக்கும் நம் வீடுதான்.

டிசம்பர் எட்டாம் தேதி இன்டர்வியூ. போவேன். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நளினி

---

வடமாலபேட்டை
1.12.1997

நளினிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யஸ்வந்தின் அப்பா கோவர்த்தனன், "பொண்ணுக்கு சம்மதம்னு காணிப்பாக்கத்துல சொல்லு, ஒத்துக்கறேன்" என்றார். போன வெள்ளிக்கிழமை குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்துவிட்டேன். அங்கே பொய் சொன்னவன் உருப்படமாட்டான் என்பது உனக்கும் தெரியும். நீ சம்மதித்தால் அது பொய்யில்லை. என் உயிர் இப்போது உன் கையில்.

நைனா

---

திருப்பதி
4.12.1997

நைனாவுக்கு,

காணிப்பாக்கம் போகத் திருப்பதியில்தான் பஸ் மாறியிருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் ஹாஸ்டல் பத்து நிமிஷ நடை. என் சம்மதத்தை என்னிடம் கேட்காமல், இன்னும் எழுபது கிலோமீட்டர் போய்ப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

பொய் சொன்னது நீங்கள். அதை உண்மையாக்க என் ஆயுளைக் கேட்கிறீர்கள். தரமாட்டேன். கோவர்த்தனனிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளையார் மன்னித்துவிடுவார். எனக்கு நாளாகும்.

நளினி

---

வடமாலபேட்டை
14.3.1998

நளினிக்கு,

பெங்களூரில் வேலையில் சேர்ந்ததாக நீ எழுதிய கார்டு வந்தது.

கோவர்த்தனனிடம் உள்ளதைச் சொன்னேன். தெருவே கேட்கத் திட்டினார். பிள்ளையாருக்குப் பயந்து சொன்னேன், உனக்காக அல்ல. உகாதிக்கு வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

உன் அம்மா கேட்கமாட்டேன் என்கிறாள். "நான் போயி பாத்துட்டு வரேன், நீ மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இரு" என்கிறாள். திருத்தணியைத் தாண்டாதவள். துணைக்கு உன் சித்தப்பா சண்முகத்தை அனுப்புகிறேன் என்றதற்கு, "எதுக்கு, வழியெல்லாம் அவனுக்கு நான் சோறு போடவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் நில். பச்சைப் புடவை. தனியாக வருகிறாள்.

எத்திராஜ்